650 கிராம் கூடியபோது: மாணவர் குழுவின் ரிமோட் விமானம் ஒன்று திருப்பத்தில் விழுந்த நிகழ்வின் ஆய்வு

கோவை மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் பால்சா மரத்தில் கட்டிய ரிமோட் விமானம், முதல் பறப்பிலேயே தரையிறங்கத் திரும்பும்போது விழுந்து நொறுங்கியது. யாருக்கும் காயமில்லை. விமானம் நன்றாகவே மேலெழும்பியது. உயரம் பிடித்துத் திடலைச் சுற்றியும் வந்தது. இறங்குவதற்காகத் திரும்பியபோதுதான் இடப்புற இறக்கை சட்டென்று சரிந்து, மூக்கு தரையை நோக்கிக் கவிழ்ந்தது. களத்தில் இருந்தவர்கள் சிக்னல் துண்டிக்கப்பட்டது என்றே நம்பினார்கள். உண்மையான காரணம் எடை. அந்த எடை எப்படிச் சேர்ந்தது, எழும்பும்போது ஏன் காட்டிக்கொடுக்கவில்லை, திருப்பத்தில் ஏன் வெளிப்பட்டது என்பதையே இங்கே பதிவு செய்கிறேன்.

விமானம் விழுந்த அன்று நான் களத்தில் இல்லை. குழுவின் பொறுப்பாசிரியர் கேட்டுக்கொண்டதால் வீடியோவையும் கட்டுமானக் குறிப்புகளையும் உடைந்த பாகங்களையும் பார்த்தேன். மறுபடி கட்டியபோது உடன் இருந்தேன்.

பின்னணி

குழுவில் பெரும்பாலோர் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். கல்லூரியின் தொழில்நுட்ப விழாவில் எட்டு நிமிடம் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்பது இலக்கு. விமானியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கடையில் வாங்கிய நுரை விமானத்தில் ஓராண்டாகப் பழகியவர். அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. கைப்பழக்கம் உள்ளவர், பதறாதவர். அவருடைய திறமையின்மையால் விழுந்தது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

வடிவமைப்பு எளிமையானது. உடலுக்கு மேலே அமர்ந்த இறக்கை, நீளம் 1.5 மீட்டர், அகலம் 25 சென்டிமீட்டர். அப்படியானால் பரப்பு 37.5 சதுர டெசிமீட்டர். இறக்கையின் வெட்டுமுகம் அடிப்பக்கம் தட்டையான கிளார்க் ஒய். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 2,200 மில்லி ஆம்பியர் மணி. இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்பும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் நான்கு, ஒவ்வொன்றும் 9 கிராம். காகிதத்தில் மொத்த எடை 1.6 கிலோ வந்தது. ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை சுமக்க வேண்டியது 43 கிராம். இந்த அளவு விமானத்தில் பயிற்சிக்கு ஏற்ற, பொறுமையான எண் அது.

வடிவமைப்பில் நான் குறை காணவில்லை. அதை அப்படியே கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

எடை ஏறிய விதம்

முதல் மாற்றம் சர்வோவில் வந்தது. 9 கிராம் சர்வோவின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துபோகும் என்று குழுவில் ஒருவர் அஞ்சினார். ஆய்வகத்தில் ரோபோ கை செய்ய வாங்கிய உலோகப் பல்சக்கர சர்வோக்கள் அலமாரியில் சும்மா கிடந்தன. ஒவ்வொன்றும் 55 கிராம். “கையில் இருக்கிறது, பலமாகவும் இருக்கிறது, புதிதாக ஏன் வாங்க வேண்டும்?” என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் எதிர்வாதம் இல்லை. செலவைக் குறைக்க நினைக்கும் மாணவர் குழுவுக்கு அது நியாயமான கேள்வியும்கூட.

இரண்டாவது மாற்றம் அந்த சர்வோக்களை வைத்த இடம். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரையும் பக்கவாட்டில் திருப்பும் ரட்டரையும் இயக்கும் இரண்டையும், நீண்ட தள்ளுகம்பியைத் தவிர்ப்பதற்காக, வாலுக்கு அருகிலேயே பொருத்தினார்கள். கம்பி வளைவதால் வரும் தளர்ச்சி இராது என்பது காரணம். பெரிய விமானங்களில் இப்படி வைப்பது வழக்கந்தான். ஒன்றரை மீட்டர் விமானத்தில், அதுவும் 55 கிராம் சர்வோவை, வைப்பது வேறு கதை.

மூன்றாவது, மரமும் பசையும். பால்சாவின் அடர்த்தி பலகைக்குப் பலகை மாறும். கன மீட்டருக்கு 100 கிலோவும் உண்டு, 200 கிலோவும் உண்டு. மூன்று மில்லிமீட்டர் தடிமன், பத்து சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை 30 கிராமும் இருக்கலாம், 60 கிராமும் இருக்கலாம். விலை ஒன்றே, பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. கடையிலிருந்து கட்டாக வந்ததை எடைபோடாமல் வரிசையாக எடுத்துப் பயன்படுத்தியதில் வால் பகுதிக்குக் கனமான பலகைகள் போய்ச் சேர்ந்தன. மூட்டுகளில் எபாக்சியைத் தாராளமாக வழித்திருந்தார்கள். இணைப்பிடங்களில் உறைந்த பசைக்கட்டிகளைப் பின்னர் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அதற்கு மேல் கல்லூரி நிறத்தில் இரண்டு பூச்சு வண்ணம்.

இப்போது விமானத்தின் வால் கனமாகிவிட்டது. ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏழு சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். விரல்நுனியில் தூக்கிப் பார்த்தபோது வால் தொங்கியது. மூக்கில் எடை சேர்க்க வேண்டும். வெறும் ஈயத்தைச் சுமப்பதைவிடப் பெரிய பேட்டரியை வைத்தால் எடையும் பயன்படும், பறக்கும் நேரமும் கூடும் என்று குழுத் தலைவர் சொன்னார். கெட்டிக்காரத்தனமான யோசனை. 180 கிராம் பேட்டரி போய் 5,000 மில்லி ஆம்பியர் மணியுள்ள 400 கிராம் பேட்டரி வந்தது. அதுவும் போதாமல் மோட்டார் தாங்கிக்குப் பின்னால் 110 கிராம் ஈயம் ஒட்டப்பட்டது. விரல்நுனியில் விமானம் கிடையாக நின்றது. எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

முழுமையாகப் பூட்டிய விமானத்தைத் தராசில் வைக்கவில்லை. சமநிலை சரியாக இருப்பதால் எடையும் சரியாக இருக்கும் என்ற எண்ணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரிடமும் இருந்திருக்கிறது.

பறப்பு நாள்

மார்ச் மாதக் காலை. கல்லூரிக்குப் பின்னால் இருந்த தரிசு நிலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த மாதத்தில் கடுமையாக இராது. அன்று தரைமட்டத்தில் அளந்தது வினாடிக்கு 3 மீட்டர்.

மோட்டாரின் இழுவிசையை முன்பே பெட்டி எடைபோடும் கொக்கித் தராசில் கட்டிப் பார்த்திருந்தார்கள்: 1.1 கிலோ. எடையில் பாதியளவு இழுவிசை இருந்தால் பயிற்சி விமானம் பறக்கும் என்பது ஆர்வலர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. அவர்கள் மனத்தில் இருந்த 1.6 கிலோவுக்கு அது தாராளம். உண்மை எடைக்கும்கூட ஏறத்தாழப் பாதி வந்தது. ஆகவே விமானம் எழும்பாமல் போக வாய்ப்பில்லை.

எழும்பியது. ஆனால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஓட்டம் போதும் என்று கணக்கிட்டிருந்த இடத்தில், வீடியோவில் இருபது மீட்டருக்கு மேல் ஓடுகிறது. யாரோ ஒருவர் “தரையில் புல் அதிகம், சார்” என்று சொல்வது ஒலிப்பதிவில் கேட்கிறது. அந்த ஓட்டம் முதல் எச்சரிக்கை. தோதான விளக்கம் ஒன்று கையருகே இருந்ததால் அது கடந்துபோனது.

மேலே போனபின் விமானி சொன்ன ஒரே குறை, “கனமாக இருக்கிறது, அண்ணா, சொன்னதைக் கேட்கத் தாமதிக்கிறது” என்பது. மூத்த மாணவர் புதிய விமானம் என்றால் அப்படித்தான் என்று பதில் சொன்னார். மோட்டார் விசையை முக்கால் பங்குக்குக் கீழே இறக்கினால் உயரம் குறைவதாகவும் விமானி பின்னர் நினைவுகூர்ந்தார். அது இரண்டாவது எச்சரிக்கை.

இறங்குவதற்காக விமானம் காற்றோடு வந்து, திடலின் முனையில் இடப்பக்கம் திரும்பியது. உயரம் 12 மீட்டர் அளவில் இருக்கலாம். காற்று பின்னாலிருந்து தள்ளியதால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு விமானம் விரைந்து போவதாகத் தெரியும். விமானி விசையைக் குறைத்தார். திருப்பம் அகன்றுபோவதைக் கண்டு இறக்கையை இன்னும் சாய்த்து எலிவேட்டரை இழுத்தார். இடது இறக்கை விழுந்தது. மீட்க உயரம் இல்லை.

மூக்கும் இடது இறக்கையின் அடிப்பகுதியும் உருத்தெரியாமல் நசுங்கின. பேட்டரியின் ஒரு மூலை உள்வாங்கியிருந்தது. அதை உடனே கழற்றி மணல் வாளியில் போட்டு, கட்டடத்துக்கு வெளியே தள்ளி வைத்தார்கள். அடிபட்ட லிப்போ பேட்டரி சற்று நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும் என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

முதல் சந்தேகங்கள்

சிக்னல், சர்வோ, காற்று. மூன்றும் வரிசையாக விசாரிக்கப்பட்டன.

சிக்னல் துண்டிக்கப்பட்டிருந்தால் ரிசீவர் மோட்டாரை நிறுத்தும்படி அமைக்கப்பட்டிருந்தது. வீடியோவில் மோட்டார் ஒலி தரையைத் தொடும்வரை கேட்கிறது. கடைசி வினாடியில் எலிவேட்டர் முழுவதும் மேல்நோக்கி இருப்பதும் தெரிகிறது. விமானி இழுத்தது போய்ச் சேர்ந்திருக்கிறது. சர்வோக்கள் நான்கும் உடைந்த உடலிலிருந்து கழற்றிய பின்னும் குறையில்லாமல் இயங்கின. பலமான சர்வோ வேண்டும் என்றவரின் பேச்சு அந்த வகையில் பொய்யாகவில்லை. திடீர்க் காற்றுக்கு வீடியோவில் தடயம் இல்லை. ஓரத்து மரங்களின் இலைகள் அதே போக்கில் அசைந்துகொண்டிருக்கின்றன.

ஒரு பக்க இறக்கை முதலில் விழுந்து, எலிவேட்டர் மேலே இருக்கும்போதே மூக்கு கவிழ்வது, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ‘ஸ்டால்’ என்ற நிலையின் அடையாளம். இறக்கை தாங்கவேண்டிய சுமைக்குக் காற்றின் வேகம் போதவில்லை. வேகம் ஏன் போதவில்லை என்பதே அடுத்த கேள்வி. விமானி தன் நுரை விமானத்தில் வழக்கமாகத் திரும்பும் வேகத்திலேயே திரும்பியதாக உறுதியாகச் சொன்னார். நான் அதை நம்பினேன்.

எடைபோட்டபோது

உடைந்த துண்டுகளையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளி, விடுதிச் சமையலறைத் தராசில் வைத்துப் பெட்டியின் எடையைக் கழித்தோம். 2.25 கிலோ. திட்டத்தைவிட 650 கிராம் அதிகம். அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் தராசு தவறாக இருக்கும் என்று சொல்லி, ஆய்வகத் தராசு ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் அதையே சொன்னது.

பாகம் பாகமாகப் பிரித்துக் கணக்குப் போட்டோம். நான்கு சர்வோக்களில் கூடியது 184 கிராம். பேட்டரியில் 220. ஈயம் 110. வாலின் கனத்த மரத்திலும் பசையிலும் 25. மீதி 111 கிராம் உடல், இறக்கை ஆகியவற்றின் மரம், எபாக்சி, வண்ணம்.

பட்டியலைப் பார்த்தால் பேட்டரிதான் பெரிய குற்றவாளியாகத் தெரியும். அப்படி இல்லை. வாலில் இருந்த இரண்டு சர்வோக்களும் ஈர்ப்பு மையத்திலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னால் இருந்தன. பேட்டரி 22 சென்டிமீட்டர் முன்னால், ஈயம் 30 சென்டிமீட்டர் முன்னால். துலாக்கோலின் நீண்ட கையில் நகர்ந்த சிறு கல்லுக்கு ஈடாகக் குட்டைக் கையில் மூட்டையை வைக்க வேண்டியிருப்பதுபோல, வாலில் ஏறிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஏறத்தாழ மூன்று கிராம் தேவைப்பட்டது. வால் சர்வோ இரண்டிலும் கூடியது 92 கிராம்தான். அதைச் சமன்செய்ய மூக்கில் ஏறியதையும் சேர்த்தால், 650 கிராமில் ஏறக்குறைய 350 கிராம் அந்த ஒரே முடிவிலிருந்து பிறந்தது. சர்வோவை வாலில் வைப்போம் என்று சொன்னபோது யாரும் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. தளர்ச்சியைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ளவை மைக்ரோ வகை, அதற்கு மேல் 25 கிலோ வரையுள்ளவை சிறிய வகை. குழு தன் விமானம் முதல் வகையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டாவது வகையில் ஒன்றைப் பறக்கவிட்டிருக்கிறது. பொறுப்பாசிரியரை மிகவும் உறுத்தியது இதுதான்.

கணக்கு

கிடையாகப் பறக்கும் விமானம் தாக்குப்பிடிக்கும் மிகக் குறைந்த வேகம், அதாவது ஸ்டால் வேகம், எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். எடை 1.4 மடங்கானால் அந்த வேகம் 1.19 மடங்காகும். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில், 30 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.11 கிலோ. இந்த இறக்கை அதிகபட்சம் எவ்வளவு தூக்கும் என்பதைக் குறிக்கும் உச்சத் தூக்கு எண்ணை 1.2 என்று வைத்துக்கொண்டேன். 1.6 கிலோவுக்கு ஸ்டால் வேகம் வினாடிக்கு 7.9 மீட்டர் வருகிறது. 2.25 கிலோவுக்கு 9.4 மீட்டர்.

ஒன்றரை மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். நேராகப் பறக்கும்வரை அது பெரிய வித்தியாசமில்லைதான். திருப்பத்தில் கதை மாறுகிறது. இறக்கையை 45 பாகை சாய்த்து உயரம் இழக்காமல் திரும்பினால், இறக்கை தாங்கவேண்டிய சுமை எடையைப்போல 1.41 மடங்கு. ஸ்டால் வேகம் மேலும் 1.19 மடங்கு ஏறும். திட்டமிட்ட விமானத்துக்கு அது 9.4 மீட்டர். கட்டிய விமானத்துக்கு 11.2 மீட்டர்.

வீடியோவில் வேலிக் கற்களுக்கிடையே விமானம் கடந்த நேரத்தைச் சட்டகம் சட்டகமாக எண்ணினோம். தரையைப் பொறுத்த வேகம் 14 மீட்டர் அளவில் வந்தது. பின்காற்று 3 மீட்டரைக் கழித்தால் காற்றில் அதன் வேகம் 11 மீட்டர். கேமராவின் கோணத்தால் ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம். இறக்கையின் சாய்வு 45 பாகையை ஒட்டி இருந்தது. இந்த எண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதே விமானி, அதே வேகம், அதே சாய்வு, 1.6 கிலோ விமானம் என்றால் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் கையிருப்போடு திரும்பியிருக்கும். 2.25 கிலோ விமானத்துக்குக் கையிருப்பே இல்லை.

விமானி சொன்ன தாமதத்துக்கும் விளக்கம் உண்டு. கூடிய எடையின் பெரும்பகுதி இரு முனைகளில், மூக்கிலும் வாலிலும், குவிந்திருந்தது. அப்படிப்பட்ட விமானம் மூக்கைத் திருப்பத் தொடங்கவும் தயங்கும், தொடங்கிய திருப்பத்தை நிறுத்தவும் தயங்கும். ஈர்ப்பு மையம் சரியான இடத்தில் இருந்தும் இந்தக் குணம் மாறாது. விரல்நுனிச் சோதனை காட்டாத விஷயம் இது.

தரையில் மோதும் ஆற்றலையும் பார்த்தோம். ஸ்டால் வேகத்திலேயே மெல்ல இறங்கினாலும் திட்டமிட்ட விமானத்தின் இயக்க ஆற்றல் 50 ஜூல், கட்டியதற்கு 99 ஜூல். அன்று திருப்பம் தப்பித்திருந்தாலும் சக்கரத் தாங்கி உடைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பேட்டரியும் காற்றும்: குழுவில் நடந்த விவாதம்

பெரிய பேட்டரியை விட்டுக்கொடுக்கக் குழுத் தலைவருக்கு மனமில்லை. இரண்டேகால் மடங்கு மின்சாரம் இருக்கிறதே என்றார். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் மாறாமல் பறக்கும்போது தேவைப்படும் திறன் எடையின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயரும். 1.4 மடங்கு எடைக்கு 1.67 மடங்கு திறன். 2.27 மடங்கு மின்சாரத்தை 1.67ஆல் வகுத்தால் பறக்கும் நேரம் 1.36 மடங்குதான். இரண்டு மடங்குக்கு மேல் சுமந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே மிஞ்சியது. அதைவிட, எட்டு நிமிடப் பறப்புக்குச் சிறிய பேட்டரியே போதுமாக இருந்தது. பேட்டரி பெரிதானதற்குப் பறக்கும் நேரம் காரணமாக இருந்ததே இல்லை. வால்தான் காரணம்.

இன்னொரு வாதம் கனமானது. ஆடி மாதம் வந்தால் கணவாய்க் காற்று இங்கே தூக்கியடிக்கும், லேசான விமானம் முன்னேறவே முடியாமல் நிற்கும், அப்போது எடை நல்லதுதானே என்று விமானி கேட்டார். கேட்டது சரி. எடை கூடினால் சறுக்கும் விகிதம், அதாவது இழக்கும் உயரத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பது, ஏறத்தாழ அப்படியே இருக்கும். அதே கோட்டில் இன்னும் வேகமாகச் சறுக்கும், அவ்வளவுதான். மலைச்சரிவில் பறக்கும் கிளைடர்களில் பலத்த காற்றடிக்கும் நாளில் வேண்டுமென்றே பாரம் ஏற்றுவார்கள். சர்வதேசப் போட்டிகளில் பாரத்தோடு சேர்த்த மொத்த எடைக்கு வரம்பே உண்டு: 5 கிலோ, சதுர டெசிமீட்டருக்கு 75 கிராம். ஆனால் அந்தப் பாரத்தை ஈர்ப்பு மையத்தை ஒட்டி வைப்பார்கள், காற்றில்லாத நாளில் எடுத்துவிடுவார்கள். ஒட்டப்பட்ட ஈயத்தையும் உறைந்த எபாக்சியையும் எடுக்க முடியாது.

2003இல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை அட்லாண்டிக்கைக் கடந்த மேனார்ட் ஹில் குழுவின் மாதிரி விமானத்தைப் பற்றி அப்போது பேச்சு வந்தது. ஏறக்குறைய 39 மணி நேரப் பறப்பு. எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் இருந்தாக வேண்டும். உடலில் மிச்சப்படுத்திய ஒவ்வொரு கிராமும் எரிபொருளாக மாறியது. எங்கள் குழுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எடைக்கு மேல்வரம்பு என்று ஒன்றை எழுதிவைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுகட்டமைப்பில் எடுத்த முடிவுகள்

வடிவத்தை மாற்றவில்லை. இறக்கையைப் பெரிதாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பரப்பு கூடினால் சுமை குறையும்தான். ஆனால் அதே அளவு ஒழுங்கின்மையோடு பெரிய இறக்கையைக் கட்டினால் அதுவும் கனத்துவிடும். எடையைக் குறைக்கத் தெரிந்தபின் அளவை மாற்றுவோம் என்று ஒத்திவைத்தோம்.

எலிவேட்டர், ரட்டர் சர்வோக்கள் இறக்கைக்குக் கீழே, ஈர்ப்பு மையத்துக்கு அருகில் வந்தன. தளர்ச்சி பற்றிய அச்சம் நியாயமானது என்பதால் தள்ளுகம்பிக்குப் பதிலாகக் கார்பன் இழைக் குழாய் போட்டு, நடுவில் இரண்டு இடங்களில் தாங்கி வைத்தோம். அந்த இரண்டுக்கு மட்டும் 17 கிராம் உலோகப் பல்சக்கர சர்வோ. இறக்கையில் 9 கிராம் சர்வோவே போதும்.

பால்சாப் பலகை ஒவ்வொன்றையும் எடைபோட்டு மேலே பென்சிலால் எழுதினார்கள். லேசானவை வாலுக்கு, நடுத்தரமானவை இறக்கை விலாக்களுக்கு, கனமானவை இறக்கையின் முதுகுத்தண்டுக்கு. மர வேலை செய்த மாணவருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தே எடையை ஏறத்தாழச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார். எபாக்சி மோட்டார் தாங்கிக்கும் சக்கரத் தாங்கிக்கும் மட்டும். மற்ற மூட்டுகளுக்கு மரப்பசை. வண்ணப் பூச்சுக்குப் பதிலாக நிறமுள்ள சுருங்கு படலம்.

உடல் பலகைகளில் லேசர் வெட்டால் துளைகள் இட்டு எடையைக் குறைத்தார்கள். இதில் சற்று அதிகமாகவே போய்விட்டார்கள். அது பின்னர் தெரிந்தது.

சிறிய பேட்டரி திரும்பி வந்தது. ஈயம் தேவைப்படவில்லை. ஈர்ப்பு மையத்துக்கு நேர்கீழே 300 கிராம் வரை பாரம் வைக்கக்கூடிய சிறு பெட்டி ஒன்று மட்டும் விமானியின் வற்புறுத்தலால் சேர்ந்தது. பூட்டிய விமானம் தராசில் 1.68 கிலோ காட்டியது. திட்டத்தைவிட 80 கிராம் கூடுதல். அதை ஏற்றுக்கொண்டோம்.

தொடர்ந்து நடந்தவை

இரண்டாம் விமானம் எழும்ப எடுத்துக்கொண்ட ஓட்டம் முன்பு கணக்கிட்ட பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கியது. அதே புல்தான். விமானி பாதி விசையில் உயரத்தைத் தக்கவைத்தார். இறங்கும் முன், நல்ல உயரத்தில் விசையைக் குறைத்து மூக்கைத் தூக்கி, வேண்டுமென்றே ஸ்டால் செய்துபார்க்கச் சொன்னேன். மூக்கு தலையாட்டிவிட்டு நேராக இறங்கி, விசை கொடுத்ததும் மீண்டது. திருப்பத்திலும் அதையே செய்தார். இறக்கை சரிந்தது, மீட்க இருபது மீட்டர் அளவுக்கு உயரம் செலவானது. முந்தைய விமானம் 12 மீட்டரில் சரிந்தது என்பதை அவரே எடுத்துச் சொன்னார்.

எல்லாம் இனிதாக முடியவில்லை. அடுத்த வாரத்தில் சற்று வேகமாக இறங்கியபோது சக்கரத் தாங்கிக்கு மேலே, துளைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய பட்டை விரிந்தது. அங்கே பிளைவுட் ஒட்டு போட்டதில் 30 கிராம் ஏறி, எடை 1.71 கிலோவானது. மாணவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. இறங்கும் அதிர்ச்சி முழுவதையும் வாங்கும் இடத்தில் துளையிட்டிருக்கக் கூடாது. வாலில் 30 கிராம் சேர்ந்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன், ஈர்ப்பு மையத்தை ஒட்டிச் சேர்ந்ததால் அது 30 கிராமாகவே நின்றது.

விழாவில் எட்டு நிமிடம் பறந்தது. ஆடிக் காற்றில் ஒருநாள் 200 கிராம் பாரத்தோடு பறக்கவிட்டார்கள். 1.91 கிலோ, 2 கிலோவுக்குள்தான். 45 பாகைத் திருப்பத்தில் ஸ்டால் வேகம் 10.3 மீட்டர் என்று கணக்கிட்டு, அந்த எண்ணை ரிமோட்டின் பின்புறம் ஒட்டிவைத்திருந்தார் விமானி. காற்றை எதிர்த்து விமானம் ஒழுங்காக முன்னேறியது. திருப்பங்களை அகலமாக எடுத்தார். பாரத்தை எடுத்துவிட்டு மறுபடி பறக்கவிட்டபோது அதே காற்றில் விமானம் அலைக்கழிந்ததையும் குறித்துவைத்தார்கள்.

இனி மாற்றவேண்டியவை

எடைக்கு ஒரு மேல்வரம்பு வடிவமைப்பு நாளிலேயே எழுதப்பட வேண்டும். இந்தக் குழுவின் அடுத்த விமானத்துக்கு அது திட்ட எடையைவிட 8 விழுக்காடு அதிகம். அதைத் தாண்டினால் பறப்பு இல்லை, பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டார் தூக்குமா என்ற கேள்வியால் இந்த வரம்பைத் தீர்மானிக்கக் கூடாது. 45 பாகைத் திருப்பத்தில் விமானி வழக்கமாக வைத்திருக்கும் வேகத்துக்கும் ஸ்டால் வேகத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதால் தீர்மானிக்க வேண்டும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும், அதன் எடையோடு ஈர்ப்பு மையத்திலிருந்து அது இருக்கும் தொலைவையும் அட்டவணையில் எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. வாலுக்கு வரும் மாற்றங்களை மூன்றால் பெருக்கிப் படிக்கப் பழகிவிட்டார்கள். அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கட்டுபவரிடம் இல்லை, விமானியிடம் இருக்கிறது. இது பொறுப்பாசிரியரின் யோசனை. தொடக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை, விமானிக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்று நினைத்தேன். அடுத்த விமானத்துக்கான கூட்டத்தில், வாலில் ஒரு சிறு விளக்கு வைக்கலாம் என்று யாரோ சொன்னதும் விமானி கால்குலேட்டரை எடுத்ததைப் பார்த்தபின் மாற்றிக்கொண்டேன்.

எஞ்சியிருப்பது வேகமானி. சிறு அழுத்தக் குழாயும் உணரியும் வைத்தால் காற்றில் விமானத்தின் உண்மையான வேகம் ரிமோட்டில் தெரியும். பின்காற்றில் கண்ணை நம்பி விசையைக் குறைக்கும் நிலை வராது. குழாயை இறக்கை நுனியிலா நடுவிலா வைப்பது என்று இப்போது விவாதம் நடக்கிறது. எடை 15 கிராம் வரும் என்று எழுதியிருக்கிறார்கள்.